மௌனப்படத்துக்கு ஊரைக் கூட்டுவது: பழைய உத்திகளில் எது நமக்குச் சரிவரும்?

வருகிற டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ‘சேஃப்டி லாஸ்ட்’ திரையிடுகிறோம். 1923-இல் வந்த அமெரிக்க மௌன நகைச்சுவைப் படம். வட்டக் கண்ணாடி போட்ட ஒருவர் உயரமான கட்டடத்தில் கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு தொங்குவாரே, அந்தப் படம். ஹெரால்ட் லாயிட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த ஒரு காட்சியை எங்காவது பார்த்திருப்பார்கள்.

மண்டபத்தில் 200 நாற்காலி போடலாம். கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. போன தடவை ஒரு மௌனப்படம் போட்டபோது 31 பேர் வந்தார்கள். அதில் 9 பேர் எங்கள் திரைப்பட வட்டத்து ஆட்கள். வந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் அடக்கி அடக்கிச் சிரித்தார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். சிரிப்புப் படத்துக்குப் பக்கத்து நாற்காலியில் ஆள் வேண்டும். இந்தத் தடவை கூட்டம் சேர்ப்பதைப் பற்றி இவ்வளவு யோசிப்பது அதனால்தான்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மைக் கட்டிய ஆட்டோ, மாறுவேடப் போட்டி, குலுக்கல் பரிசு, மொட்டை மாடியில் ஒரு பையனைத் தொங்கவிட்டுப் படமெடுப்பது என்று பட்டியல் நீண்டது. எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

இதெல்லாம் புது யோசனைகள் இல்லை என்பது எனக்குத் தெரியும். 1910களிலும் 20களிலும் அமெரிக்கச் சிற்றூர்த் தியேட்டர்காரர்களுக்கு வாராவாரம் இதே கவலைதான். படப்பெட்டியோடு கம்பெனி ஒரு ‘பிரஸ் புக்’ அனுப்பும். அதில் சுவரொட்டி மாதிரிகள், பத்திரிகை விளம்பரங்கள், கூடவே “உங்கள் ஊரில் இதைச் செய்து பாருங்கள்” என்று உத்திகள் இருக்கும். ‘எக்ஸிபிட்டர்ஸ் ஹெரால்ட்’, ‘மூவிங் பிக்சர் வேர்ல்ட்’ போன்ற வாரப் பத்திரிகைகளில் தியேட்டர்காரர்கள் தாங்கள் செய்தது பலித்ததா இல்லையா என்று எழுதுவார்கள். அவற்றில் பெரும்பகுதி இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் சில வாரம் அவற்றைப் புரட்டினேன். நூறு வருடத்துக்கு முன் ஒரு சின்ன ஊரில் தியேட்டர் நடத்தியவரின் கவலையும் என் கவலையும் ஒன்றாக இருப்பது மனதுக்குத் தெம்பாக இருந்தது.

நம் பக்கமும் இதற்குப் பழைய வேர் உண்டு. 1905-இல் திருச்சியில் ரயில்வே வேலையை விட்டுவிட்டுப் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்தே மாட்டுவண்டியும் தப்பட்டையும் நோட்டீசும் நமக்குப் பழக்கம். நோட்டீஸ் வண்டிக்குப் பின்னால் ஓடாத பிள்ளை எந்த ஊரில் இருந்தது?

ஒவ்வொன்றையும் எடைபோட மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். பார்த்தவர் மண்டபத்துக்கு வருவாரா? யாருக்காவது அடிபடுமா, மனம் புண்படுமா? அந்த உத்தியில் இந்தப் படத்தின் குணம் கொஞ்சமாவது இருக்கிறதா?

உயரத்தில் ஆளை ஏற்றுவது

முதலில் இதைப் பேசிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் அதிகக் கைதட்டல் வாங்கிய யோசனை இதுதான்.

படத்தின் கதையே ஒரு விளம்பர உத்தியைப் பற்றியது. பெரிய கடையில் துணி விற்கும் இளைஞன். கடைக்குக் கூட்டம் சேர்க்க வழி சொன்னால் 1,000 டாலர் தருவேன் என்று மேலாளர் சொல்வது அவன் காதில் விழுகிறது. சுவரேறத் தெரிந்த நண்பனை 12 மாடி ஏறவைத்துப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று திட்டம் போடுகிறான். நண்பனைப் போலீஸ்காரர் விரட்ட, கடைசியில் இவனே ஏற வேண்டியதாகிவிடுகிறது. நண்பனாக நடித்த பில் ஸ்ட்ரோதர் நிஜ வாழ்க்கையிலும் சுவரேறுகிறவர். அவர் ஏறுவதைப் பார்த்துத்தான் லாயிடுக்கு இந்தப் படத்தின் எண்ணமே தோன்றியது. அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் இப்படிச் சுவரேறிப் பிழைத்தவர்களை ‘மனித ஈ’ என்று சொல்வார்கள்.

படம் வெளிவரச் சில வாரங்களே இருந்தபோது, 1923 மார்ச் 5 அன்று, நியூயார்க்கில் ஹாரி யங் என்ற மனித ஈ இந்தப் படத்தின் விளம்பரத்துக்காக மார்டினிக் ஹோட்டலின் சுவரில் ஏறினார். கீழே பெருங்கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. பாதி உயரத்துக்கு மேல் பிடி நழுவி விழுந்து இறந்துபோனார். அதன் பிறகு, கட்டடங்களின் வெளிச்சுவரில் ஏறிக் காட்டும் தெருக்காட்சிகளை நியூயார்க் நகரம் தடை செய்தது.

இதில் என்னை உறுத்துவது இதுதான்: திரையில் லாயிட் அப்படித் தொங்கவே இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் கட்டடங்களின் மொட்டை மாடியில் சுவர்போல செட் போட்டு, கேமராவுக்குத் தெரியாதபடி கீழே மேடை அமைத்து, மெத்தை விரித்து எடுத்தார்கள். பின்னணியில் நிஜத் தெரு தெரியும். நடிகருக்குச் சில அடி கீழேயே பிடிமானம் இருக்கும். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. ஆனாலும் தொங்குவது போலக் காட்டியதுதான் அந்தக் கலை. விளம்பரம் செய்தவர்கள் அந்தக் கலையை விட்டுவிட்டு ஆபத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

லாயிடும் விளம்பரத்துக்காக அடிபட்டவர்தான். 1919 ஆகஸ்டில் விளம்பரப் புகைப்படம் எடுக்கும்போது, பொம்மை வெடி என்று நினைத்துக் கையில் பிடித்திருந்த குண்டு நிஜமாகவே வெடித்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. அதற்குப் பிறகு வந்த படங்களில் விரல்கள் இருப்பது போல் செய்த கையுறை மாட்டித்தான் நடித்தார். கடிகார முள்ளைப் பிடித்திருக்கும் அந்தக் கை அப்படிப்பட்ட கை. இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து, வண்டியில் போன இளம்பெண் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். விளம்பரம் உயிரை வாங்கும் என்பதற்கு நியூயார்க் வரை போக வேண்டியதே இல்லை. பையனைத் தொங்கவிடும் யோசனையை அன்றைக்கே அடித்துவிட்டேன். சாலையோரப் பேனரையும் சேர்த்துத்தான்.

ஆனால் அந்தக் கடிகாரத்தை விட மனம் வரவில்லை. படத்தில் செய்த தந்திரத்தையே நாமும் செய்யலாமே என்று தோன்றியது. பத்தடிக்குப் பத்தடி தார்ப்பாயில் பெரிய கடிகாரமும் கீழே எறும்பு அளவில் எங்கள் ஊர்க் கடைவீதியும் வரைந்து தரையில் விரித்துவிடுவது. அதன்மேல் படுத்து, முள்ளைப் பிடித்துக்கொண்டு, காலை மடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்டூல்மேல் நின்று மேலிருந்து செல்போனில் எடுத்தால் ஆள் கடிகாரத்தில் தொங்குவது போலவே வரும். போர்டு எழுதும் நண்பர் ஒருவர் சாக்பீஸில் என் வீட்டு மொட்டை மாடியில் போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பெண் படுத்தாள். “பயந்த மாதிரி முகத்த வையுடா குட்டி” என்றதும் கண்ணை உருட்டிக்கொண்டு ஒரு காலை மட்டும் உதறினாள். படத்தைப் பார்த்த அவள் பாட்டிக்கு ஒரு நிமிடம் நெஞ்சே பதறிவிட்டது. அன்று ராத்திரிக்குள் அந்தப் படம் தெருவில் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் இருந்தது.

பேசாத ஆள், பேசும் ஆட்டோ

மைக் கட்டிய ஆட்டோவை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஒரு நாளில் ஊர் முழுக்கச் செய்தி போய்விடும். வாடகையும் பெட்ரோலுமாக ஒரு நாளுக்கு எங்கள் ஊரில் 2,500 ரூபாய் ஆகும். போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். அதற்கெல்லாம் தயார்தான். ஆனால், பேச்சே இல்லாத படத்துக்குத் தொண்டை கிழியக் கத்தி அழைப்பது எனக்கு ஒட்டவில்லை. கோயில் கொடை, துணிக்கடைத் தள்ளுபடி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றையும் அதே குரலில் அதே ஆட்டோதான் சொல்கிறது. இதையும் சேர்த்துச் சொன்னால் காதில் ஏறாது.

பழைய தியேட்டர்காரர்கள் தெருவில் ஆளை நடக்கவிட்டார்கள். நடிகரைப் போல வேடம் போட்ட ஒருவர், முதுகில் ஒரு அட்டை, அவ்வளவுதான். செலவே இல்லாத உத்தி. 1914 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு குட்டிப் படத்தில்தான் சாப்ளினின் நாடோடி வேடம் முதன்முதலில் திரைக்கு வந்தது. கலிபோர்னியாவின் வெனிஸ் என்ற ஊரில் நிஜமாகவே நடந்துகொண்டிருந்த சிறுவர் வண்டிப் பந்தயத்துக்குப் போய் எடுத்தார்கள். கதை ஒன்றுமில்லை. பந்தயத்தைப் படமெடுக்க வந்த கேமராவை ஒரு ஆள் மறைத்துக்கொண்டே நிற்பான். தள்ளிவிட்டால் திரும்ப வந்து நிற்பான். பின்னால் நிற்கும் ஊர் ஜனங்களுக்கு இவன் யார் என்று தெரியாது. முதலில் எரிச்சலோடு பார்க்கிறார்கள், போகப்போக அவர்கள் முகத்தில் சிரிப்பு வருவது தெரியும். வேடம், ஊர்க்கூட்டம், பேசாமல் செய்யும் சேட்டை. தெரு விளம்பரத்துக்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் ஒத்திகை பார்த்தோம். வட்டத்தில் இருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கறுப்பு கோட்டு, ஓலைத்தொப்பி, கண்ணாடி இல்லாத வட்ட ஃபிரேம் மாட்டிக்கொண்டு தக்காளிக் கடையில் நின்றார். ஒரு தக்காளியை எடுத்துப் பார்ப்பது, விலையைக் கேட்பது போல் புருவத்தை உயர்த்துவது, மயங்கி விழப் போவது. கடைக்கார அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, வாய் பேச வராதா?” என்று நிஜமான இரக்கத்தோடு கேட்டார். அவர் கோட்டுக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார்: “நான் மட்டுமில்லை அக்கா, எங்கள் படமும் பேசாது.” அடுத்த அட்டை: “ஆனால் சிரிக்க வைக்கும்.” மூன்றாவதில் நாளும் இடமும். அக்கா வாய்விட்டுச் சிரித்து, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு “அண்ணே, இங்க வாங்க, இந்தப் பிள்ளையப் பாருங்க” என்று மறுபடியும் முதல் அட்டையிலிருந்து காட்டச் சொன்னார். அரை மணி நேரத்தில் நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்.

மௌனப்படத்தில் வசனம் அட்டையில்தான் வரும். அந்த அட்டையையே தெருவுக்குக் கொண்டுவந்தபோது, படம் எப்படி இருக்கும் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. தெருவிலேயே ஒரு துண்டு பார்த்துவிட்டார்கள். எங்கள் செலவு, அட்டைக்கும் மார்க்கருக்கும் 90 ரூபாய்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பேச இயலாதவர்களைக் கேலி செய்வது போல் ஆகிவிடக் கூடாது. முதல் அட்டையைச் சீக்கிரம் நீட்டிவிட வேண்டும் என்று அக்காவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. இரக்கப்பட்டவரை ஏமாந்தவராக்கிவிடுவது நல்லதல்ல.

வேடப் போட்டி

மௌனப்பட விளம்பரம் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சாப்ளின் வேடப் போட்டி. 1915-இல் அமெரிக்கா முழுக்க இது காய்ச்சல் போலப் பரவியது. தியேட்டர் மேடைகளில் பிள்ளைகள் தொளதொள கால்சட்டையும் குச்சியுமாக நடந்து காட்டினார்கள். பின்னாளில் பெரிய நகைச்சுவைக் கலைஞரான பாப் ஹோப், கிளீவ்லாந்தில் சிறுவனாக இருந்தபோது அப்படி ஒரு போட்டியில் ஜெயித்தவர். சாப்ளினே ஒரு போட்டியில் கலந்துகொண்டு தோற்றுப்போனார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது, நோட்டீசில் உண்மைபோல் அச்சடிக்க வேண்டாம்.

இந்தக் காய்ச்சல் இன்னும் தணியவில்லை. சாப்ளின் 1915-இல் படமெடுத்த கலிபோர்னியாவின் நைல்ஸ் ஊரில் அவர் பெயரில் விழா எடுத்து வேடப் போட்டி நடத்துகிறார்கள். 2017 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தில் அவர் வாழ்ந்த வீட்டு வாசலில் 662 பேர் நாடோடி வேடத்தில் ஒன்றாக நின்றார்கள். எனக்கு இவற்றைவிட நெருக்கமானது குஜராத்தின் ஆதிப்பூர். அசோக் அஸ்வானி என்பவர் 1966-இல் வேலைக்குப் போகும் வழியில் சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ படத்தின் சுவரொட்டியைப் பார்த்தார். உள்ளே போனவர் அன்றைய நான்கு காட்சியும் பார்த்தார், வேலை போய்விட்டது. அவர் 1973-இல் தொடங்கிய ‘சார்லி சர்க்கிள்’ ஒவ்வோர் ஏப்ரல் 16 அன்றும் சாப்ளின் பிறந்தநாளுக்கு ஊர்வலம் நடத்துகிறது. சின்னப் பிள்ளை முதல் வயதானவர் வரை மீசை வைத்துக்கொண்டு கட்ச் பகுதியின் வெயிலில் நடக்கிறார்கள். ஒரு சுவரொட்டி ஒரு ஊரின் வழக்கத்தையே மாற்றிவிட்டது என்று நினைக்கும்போது, சுவரொட்டி ஒட்டும் எங்கள் பையன்களிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, எங்களுக்கு இது சரிவருமா? கூட்டம் வரும், சந்தேகமில்லை. இருபது பிள்ளைகள் பெயர் கொடுத்தால் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, சித்தி என்று எண்பது பேர் நிச்சயம். ஆனால் அன்றைக்குத் திரையில் வரப்போவது லாயிட், சாப்ளின் அல்ல. சாப்ளின் வேடம் போட்டுவிட்டு வேறொருவர் படத்தைப் பார்ப்பது, கல்யாண வீட்டில் இன்னொரு மாப்பிள்ளையின் பேனரை வைப்பது மாதிரி. லாயிட் வேடப் போட்டியோ இன்னும் கஷ்டம். வேடமே போடாதது போன்ற வேடம் அது: நம் தெருவில் போகும் சாதாரண இளைஞன், ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். அதுதான் அவருடைய அழகும். மேடையில் இருபது பேர் அப்படி நின்றால் யாரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

இன்னொரு சங்கடமும் உண்டு. சில வருடம் முன்பு ஒரு பள்ளி விழாவில் நான் நடுவராக இருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கண்மையில் மீசை வரைந்து காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான். நிகழ்ச்சி தொடங்கப் பதினொன்றரை. வேர்வையில் மீசை கரைந்து உதட்டுக்கு இறங்கியிருந்தது. அவன் அதைத் துடைக்காமல், கரைந்த மீசையோடே நடந்து காட்டினான்; நன்றாகவே நடந்தான். பரிசு வாடகை கோட்டு போட்டு வந்த பிள்ளைக்குப் போனது. முடிவு எங்கள் கையில் இல்லை, ஏற்பாட்டாளர்கள் முன்பே பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பையன் அழவில்லை. தொப்பியை மட்டும் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டான். பரிசு கொடுத்ததும் பாதிக் குடும்பங்கள் எழுந்து போய்விட்டன, அதற்குப் பிறகு போட்ட படத்தைப் பார்க்க ஆளில்லை.

அதனால் வேடப் போட்டி வைப்பவர்களுக்கு நான் சொல்வது: படம் சாப்ளினுடையதாக இருந்தால் மட்டும் வையுங்கள், முடிவைப் படம் முடிந்த பிறகு அறிவியுங்கள், கலந்துகொண்ட எல்லாப் பிள்ளைக்கும் ஏதாவது கையில் கொடுங்கள். எங்களுக்கு இந்த வருடம் வேண்டாம்.

கண்ணாடிக் கடையும் மற்றவையும்

லாயிடுக்கே உரிய உத்தி ஒன்று உண்டு. அவர் 1917-இல் அந்த வட்ட ஃபிரேமை மாட்டிய பிறகு அந்த மாதிரிக் கண்ணாடி இளைஞர்களிடம் பரவியது. பிறகொரு சமயம் அவர் 20 ஃபிரேம் கேட்டுக் காசோலை அனுப்பியபோது, உங்களால் எங்களுக்குக் கிடைத்த விளம்பரத்துக்கு நாங்கள்தான் கடன்பட்டிருக்கிறோம் என்று கம்பெனி ஃபிரேமோடு காசோலையையும் திருப்பி அனுப்பிவிட்டது. தியேட்டர்காரர்கள் ஊர்க் கண்ணாடிக் கடையோடு சேர்ந்து அட்டை ஃபிரேம்கள் கொடுத்துப் பிள்ளைகளைத் தெருவில் நடக்கவிட்டார்கள். எங்கள் கடைவீதியில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். 200 அட்டை ஃபிரேமுக்கு ஆகும் 1,200 ரூபாயில் பாதி தருகிறேன், ஓரத்தில் கடைப் பெயரைப் போடுங்கள் என்றார். இது தனியாகக் கூட்டம் சேர்க்காது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மண்டபமே ஒரு குடும்பமாகிவிடும். எடுத்துக்கொள்கிறோம்.

குலுக்கல் பரிசு வேண்டாம். மிக்சிக்காக வருபவர் மிக்சி யாருக்கு என்று தெரிந்ததும் போய்விடுவார். அரங்கில் யார் அதிகம் சிரிக்கிறார்கள் என்று பார்க்கும் சிரிப்புப் போட்டியும் வேண்டாம். பரிசுக்காகச் சிரிக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் படத்தை யார் பார்ப்பது?

பொருள் கொண்டுவந்தால் அனுமதி என்ற முறை வேறு மாதிரி. அமெரிக்கத் தியேட்டர்களில் உருளைக்கிழங்கோ பழைய துணியோ கொண்டுவரும் பிள்ளைகளுக்கு இலவசக் காட்சி நடத்தி, சேர்ந்ததை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். குழந்தை நடிகர் ஜாக்கி கூகன் 1924-இல் மேற்கு ஆசிய நாடுகளின் அகதிக் குழந்தைகளுக்காக ஊர் ஊராகப் போய் 10 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள உணவும் துணியும் திரட்டினார். நல்ல காரியம். ஆனால் சேர்ந்த அரிசியைப் பிரித்து, எடைபோட்டு, கொண்டுபோய்க் கொடுக்க ஐந்து பேராவது வேண்டும். எங்களிடம் இப்போது அந்த ஆள்பலம் இல்லை. அரைகுறையாகச் செய்து பொருள் மூலையில் கிடந்தால் ஊர் மன்னிக்காது.

நம் முகத்தை நாமே திரையில் பார்ப்பது

எல்லாவற்றிலும் என் மனதுக்குப் பிடித்தது மிகப் பழைய உத்தி ஒன்று. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் மிட்செல், கென்யன் என்ற இருவர் 1900களின் தொடக்கத்தில் படமெடுத்தார்கள். ஆலைச் சங்கு ஊதும் நேரத்துக்கு வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து வரும் தொழிலாளர்களை எடுப்பார்கள். சில சமயம் அன்று இரவே திருவிழாக் கொட்டகையில் அதைப் போட்டுவிடுவார்கள். பகலில் ஆலையிலிருந்து வெளியே வந்தவர், இரவில் காசு கொடுத்துத் தன் முகத்தைத் தேடிக்கொண்டு வருவார். கூடவே வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கூட்டிவருவார். 1994-இல் ஒரு பழைய கடையின் நிலவறையில் மூன்று பீப்பாய்களில் சுமார் 800 படச்சுருள்கள் கிடைத்தன. அவற்றில் ஆலைப் பிள்ளைகள் கேமராவைப் பார்த்துத் தொப்பியை ஆட்டிக்கொண்டு சிரிப்பதை இன்றும் பார்க்கலாம்.

பேசும்படம் வந்த பிறகும் இது நின்றுவிடவில்லை. டெக்சாஸைச் சேர்ந்த மெல்டன் பார்க்கர் 1930களிலிருந்து 1970கள் வரை ஊர் ஊராகப் போய், ஒரே கதையை அந்தந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தார். ஊருக்கு ஊர் தியேட்டர் நிறைந்தது. கதைக்காக யாரும் வரவில்லை. தங்கள் பிள்ளையைப் பார்க்க வந்தார்கள்.

இன்று கேமரா எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆகவே எங்கள் போட்டி இதுதான்: ஒரு நிமிட மௌன நகைச்சுவை. பேச்சு கூடாது, பாட்டு கூடாது, வேண்டுமானால் இரண்டு அட்டை எழுதிக் காட்டலாம். எங்கள் ஊர் எல்லைக்குள் எடுத்திருக்க வேண்டும். யாரும் உயரத்தில் ஏறக் கூடாது, ஓடும் வண்டியில் எதுவும் செய்யக் கூடாது, வழியில் போகிறவரை அவருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது. விதியை மீறி எடுத்ததை எவ்வளவு நன்றாக இருந்தாலும் போட மாட்டோம். மற்றவை அத்தனையும் படத்துக்கு முன் திரையில் வரும். பரிசை அரங்கில் இருப்பவர்கள் கைதட்டித் தீர்மானிப்பார்கள்.

இதில் வேலை அதிகம் என்பதை மறைக்க மாட்டேன். வரும் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரே அளவாக்கி, வரிசைப்படுத்த ஒருவர் ஒரு வாரம் உட்கார வேண்டும். முதல் வாரத்தில் ஒன்றுகூட வராமலும் போகலாம். ஆனால் பதினைந்து வீடியோ வந்தால்கூட, ஒவ்வொன்றிலும் நடித்தவர் நாலு பேர், எடுத்தவர் ஒருவர், அவர்கள் வீட்டார் என்று மண்டபம் நிறைந்துவிடும். வேடப் போட்டியில் வரும் அதே சித்தியும் தாத்தாவும்தான் வருவார்கள், ஆனால் தங்கள் பிள்ளை எடுத்ததைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பிறகு லாயிடின் படம் தொடங்கும். பேச்சில்லாமல் ஒரு நிமிடம் சிரிக்க வைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று தெரிந்த பிள்ளைகள், 73 நிமிடம் சிரிக்க வைக்கும் ஒருவரை எப்படிப் பார்ப்பார்கள்! எனக்கு அதைக் காணத்தான் ஆசை.

எங்கள் முடிவு

சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் வாரக் கடைசிகளில் அட்டைக்காரர். நூலகத்துக்கு எதிரே, பள்ளி விடும் நேரத்தில், தரையில் கடிகாரம். படமெடுத்துக்கொள்ள வருபவர்களிடம் ஒரு நிமிடப் படப் போட்டியின் நோட்டீஸ். அரங்கில் அட்டைக் கண்ணாடி. இவ்வளவுதான்.

கடிகாரத் தார்ப்பாய்க்கு 1,800, நோட்டீசும் அட்டைகளும் 1,800, கண்ணாடிக்கு எங்கள் பங்கு 600, பரிசுப் புத்தகங்களுக்கு 2,000, தேநீருக்கு 2,000. கீபோர்டும் தபேலாவும் நேரில் வாசிக்கும் இருவருக்கு 5,000. மொத்தம் 13,200. மண்டபத்துக்காரர் வாடகை வேண்டாம் என்றுவிட்டார், புரொஜெக்டர் எங்களுடையது. படத்துக்கு நம் நாட்டில் உரிமைக் காலம் முடிந்து பல வருடமாகிறது, ஆனால் பின்னாளில் அதற்குச் சேர்த்த இசைக்கு உரிமை உண்டு. அதனால்தான் இசையை நாமே வாசிக்கிறோம். ஆங்கில அட்டைகளைத் தமிழில் உரக்கப் படிக்க, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மௌனப்படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளிலும் அப்படி ஒருவர் இருந்தார் என்று சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

முதல் வீடியோ நேற்று வந்துவிட்டது. தக்காளிக் கடை அக்காவின் மகள் எடுத்திருக்கிறாள். தராசில் தக்காளியை வைக்க வைக்க முள் அசையாமல் நிற்கிறது. அக்கா தட்டுக்கு அடியில் எட்டிப் பார்க்கிறார். பேரன் தட்டைக் கையால் தாங்கிக்கொண்டிருக்கிறான். 52 விநாடி. அட்டைகூடத் தேவைப்படவில்லை.